பதினேழாம் எண் சைக்கிள் போய்ச் சேர்ந்த விவரம்

ஓடாத சைக்கிளை ஓட வைக்க என்ன கூலி என்று பூலோகத்துக்குத் தெரியும். முப்பது வருஷமாக அதுதான் தொழில். ஓடுகிற சைக்கிளை ஓடாமல் செய்வதற்கு என்ன கேட்பது என்றுதான் தெரியவில்லை.

"நாப்பது புது சைக்கிள். ஒண்ணுகூட ஒரு இஞ்ச் நகரப்படாது. இரும்பு ஸ்டாண்டுல ஏத்தி சிக்குன்னு முடுக்கணும். முடியுமோன்னோ?" என்று கேட்டார் ஜகந்நாதன்.

மும்பை தாராவியின் தொண்ணூறு அடி ரோட்டில், பூலோகத்தின் கடை வாசலில், ஸ்டூலில் கைக்குட்டையை விரித்து அதன்மேல் உட்கார்ந்திருந்தார் அவர். மாட்டுங்கா கிராமியப் பாலர் கல்வி உதவிச் சபையின் தலைவர். ஒரு வங்கியில் பெரிய பதவியிலிருந்து ஓய்வுபெற்றவர். ஓய்வுபெற்ற சங்கதி வங்கிக்குத் தெரியும். அவருக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.

"முடியும் சார். எதுக்கு?"

"சைக்கிள் பயணத்துக்கு."

பூலோகம் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். ஜகந்நாதன் பொறுமையாக விளக்கினார். கிராமத்துப் பாலர் மையங்களுக்கு நிதி திரட்ட ஒரு மாபெரும் சைக்கிள் பயணம் நடத்துவதென்று செயற்குழு போன வருஷமே முடிவெடுத்துவிட்டது. எந்த வழியாகப் போவது என்பதில்தான் நான்கு மாதம் ஓடியது. ஒருவர் குழிகளைப் பற்றிக் கவலைப்பட்டார். ஒருவர் லாரிகளைப் பற்றி. ஒருவருக்கு முழங்கால். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காரன் பங்கேற்பவர்களின் சராசரி வயதைக் கேட்டுவிட்டு அதற்கப்புறம் போனையே எடுக்கவில்லை.

"அப்பறம் உக்காந்து யோசிச்சேன். ஆபத்து பூரா எங்கே இருக்கு? ரோட்டுல இருக்கு. ரோட்டை எடுத்துட்டோம்" என்றார் ஜகந்நாதன்.

ஆகவே பயணம் மாட்டுங்காவில் ஒரு கல்யாண ஹாலுக்குள் புறப்பட்டு, அதே ஹாலுக்குள் திருநெல்வேலி போய்ச் சேரும். நாற்பது பேர், ஆளுக்கு நாற்பது கிலோமீட்டர் மிதித்தால் ஆயிரத்து அறுநூறு. அந்த ஆயிரத்து அறுநூறையும் ஒவ்வொரு வண்டியும் தனித்தனியே கடந்ததாகக் கருத வேண்டும் என்று தீர்மானம் போட்டாகிவிட்டது. ஒருவர்கூட எதிர்த்து ஓட்டுப் போடவில்லை என்பதால் தூரத்தைப் பற்றி இனிச் சந்தேகம் கிடையாது. திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமங்களில் சபையின் உதவி பெறும் மையங்கள் சரியாக நாற்பது. ஒரு வண்டிக்கு ஒரு மையம்.

திருநெல்வேலி என்ற சொல் காதில் விழுந்ததும் பூலோகம் கூலியைப் பற்றி யோசிப்பதை விட்டுவிட்டார்.

"சார், பதினேழாம் நம்பர் மையம், ஆலடிவிளை. அங்ஙன டீச்சரா இருக்கது எந் தங்கச்சி மாலதி. அவளுக்கு ஒரு சைக்கிள் வேணும்னு மூணு வருசமா உங்க சபைக்கு எழுதிக்கிட்டு இருக்கா."

"சைக்கிளா? பால்வாடிக்கு சைக்கிள் எதுக்கு?"

"ஏறிப் போவதுக்கு சார்."

ஜகந்நாதன் நெற்றியைச் சுருக்கினார். சைக்கிளுக்கு அப்படி ஒரு உபயோகம் இருப்பதை யாரோ புதிதாகச் சொன்ன முகம். பிறகு தெளிந்தார். "ஞாபகம் வரது. கல்வி உபகரணப் பட்டியல்ல சைக்கிள் இல்லை. ஸ்லேட்டு இருக்கு, சாக்பீஸ் இருக்கு, பொம்மை இருக்கு. அதனால போன வருஷம் பொம்மை சைக்கிள் ஒண்ணு அனுப்பிச்சோமே. சேர்ந்துதோல்லியோ?"

சேர்ந்தது. சிவப்புப் பிளாஸ்டிக், ஒரு சாண் உயரம். மாலதி அதைப் போட்டோ பிடித்து அனுப்பியிருந்தாள். கீழே ஒன்றும் எழுதவில்லை.

ஆலடிவிளைக்குக் காலையில் வந்துகொண்டிருந்த முதல் பஸ்ஸை நிறுத்தி மூன்று வருஷத்துக்கு மேல் ஆகிறது. அடுத்தது ஒன்பது மணிக்கு. ஏழரைக்கெல்லாம் செங்கல் சூளை வேன் வந்து நிற்கும். டீச்சர் வந்திருந்தால் தாய்மார்கள் பிள்ளைகளை மையத்தில் விட்டுவிட்டு ஏறுவார்கள், வரவில்லை என்றால் பிள்ளைகளையும் தூக்கிப் போட்டுக்கொண்டு போவார்கள். சூளையில் மூன்று வயதுப் பிள்ளைக்கு விளையாட நெருப்பும் மண்ணும்தான் இருக்கிறது. அதனால் மாலதி கட்டிக்கொடுத்த ஊரிலிருந்து இருட்டோடு கிளம்பி ஆறு கிலோமீட்டர் நடந்து வந்துகொண்டிருந்தாள். ஆடி மாசத்தில் ஓடை வரப்பில் வழுக்கி விழுந்து முழங்கால் வீங்கிய பிறகு, நடை ஒன்றேகால் மணியிலிருந்து இரண்டு மணியாகிவிட்டது. வாரத்தில் இரண்டு நாள் வேன் முந்திக்கொள்கிறது. இருபத்திரண்டு பிள்ளைகள் பதினான்கு ஆகியிருந்தார்கள். பன்னிரண்டுக்குக் கீழே போனால் மையத்தை மூடிவிடலாம் என்பது சபையின் விதி.

சைக்கிள் கடை வைத்திருக்கிறவன் தங்கச்சிக்கு ஒரு சைக்கிள் அனுப்பக் கூடாதா என்று கேட்கலாம். பூலோகம் அனுப்பினார். நாலு பழைய வண்டிகளைப் பிரித்து ஒரு நல்ல வண்டி செய்து, ரயிலில் பார்சல் போட்டார். ஒன்றரை மாதம் மாலதி ராணி மாதிரி போய்வந்தாள். அப்புறம் சபையின் கள ஆய்வாளர் காரில் வந்து இறங்கினார். சுவரில் சாய்ந்திருந்த சைக்கிளைச் சுற்றி வந்து பார்த்தார். "மையத்துக்குச் சொந்த வாகனம் உள்ளது. சபை வழங்கியதன்று. வசதியான மையம்" என்று எழுதிவிட்டுப் போனார். அடுத்த மாதமே பிள்ளைகளுக்கான பருப்பும் முட்டையும் பாதியாகிவிட்டன. 'வாகனம் தற்போது இல்லை' என்று மாலதி எழுதிக்கொடுத்த பிறகுதான் திரும்ப வந்தன. அன்றிலிருந்து அந்தச் சைக்கிள் மையத்துக்குப் பின்னால் ஒரு ஆட்டுக் கொட்டகையில், தழைக்கட்டுகளுக்கு அடியில், தலைமறைவாக இருக்கிறது. ஆய்வாளர் எந்த நாளில் வருவார் என்று யாருக்கும் தெரியாததால் மாலதி எல்லா நாளும் நடந்தாள்.

இதையெல்லாம் ஜகந்நாதனிடம் சொல்ல முடியாது. "வேலையை ஒத்துக்கிடுதேன் சார்" என்றார் பூலோகம். ஹாலுக்குள் போனால் யாராவது ஒரு ஆள் காதுகொடுத்துக் கேட்காமலா போய்விடுவான் என்று நினைத்தார். பெரிய அமைப்புகளை வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இந்த நினைப்பு வருவது சகஜம்.

ஒவ்வொரு ஸ்டாண்டிலும் ஓர் இரும்பு உருளை பின் டயரை அழுத்திக்கொண்டிருக்க வேண்டும், மிதித்தால் கனக்க வேண்டும் என்பது தலைவரின் உத்தரவு. "நன்கொடை குடுக்கறவா வேர்வையைப் பார்க்கணும்" என்று காரணமும் சொன்னார். பூலோகம் மூன்று நாள் உட்கார்ந்து நாற்பதையும் முடுக்கினார். தொழிலில் அரைகுறை அவருக்குப் பிடிக்காது. தலைகீழாகத் தொங்கினாலும் அசையாதபடி முடுக்கினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குப் பயணம் தொடங்குவதாக இருந்தது. குத்துவிளக்கின் ஐந்து திரிகளை யார் யார் ஏற்றுவது என்பதில் ஆறு பேருக்கு உரிமை இருந்ததால் எட்டே முக்கால் ஆயிற்று. ஓட்டுகிறவர்கள் எல்லோரும் ஹெல்மெட் போட்டிருந்தார்கள். முழங்காலுக்கு உறை, முழங்கைக்கு உறை, முதுகில் மின்னும் பட்டை. பின்னால் வரும் லாரிக்காரனுக்குத் தெரியவேண்டுமாம். ஹால் வாசலில் ஆம்புலன்ஸ் தயாராக நின்றது.

பெரும் நன்கொடை கொடுத்த கம்பெனியின் சார்பில் சமூகநலப் பிரிவுத் தலைவி ஸ்மிதா பேசினாள். தமிழை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு படித்தாள். "குட் மார்னிங் எல்லாருக்கும். நாங்க இம்பாக்டை சயின்டிஃபிக்கா மெஷர் பண்றோம். போன வருஷம் உங்க மையங்கள்ல ஒரு குழந்தை ஒரு நாளைக்கு ஆவரேஜா ரெண்டு புள்ளி நாலு தடவை சிரிச்சது. இந்த வருஷம் டார்கெட் மூணு. குழந்தைகள் கோ-ஆபரேட் பண்ணணும்." கைதட்டல் எழுந்தது. குழந்தைகள் யாரும் அங்கே இல்லாததால் அவர்கள் சம்மதம் தெரியவில்லை.

கொடி அசைந்தது. நாற்பது வண்டிகளும் புறப்பட்டு, இருந்த இடத்திலேயே இருந்தன.

மேடையில் ஒரு பெரிய திரை. எல்லா வண்டிகளின் தூரத்தையும் கூட்டி, வரைபடத்தில் ஒரு சிவப்புப் புள்ளியாக நகர்த்திக்கொண்டிருந்தார்கள். புள்ளி கண்டாலாவை நெருங்கியதும், மலைப்பாதையில் ஜாக்கிரதை, வளைவுகளில் ஒருவரை ஒருவர் முந்த வேண்டாம் என்று ஜகந்நாதன் மைக்கில் கேட்டுக்கொண்டார். முந்த முடியாதபடி முடுக்கியிருந்த பூலோகம் ஸ்பேனரோடு ஓரமாக நின்று திரையைப் பார்த்தார், சைக்கிள்களைப் பார்த்தார், மறுபடியும் திரையைப் பார்த்தார்.

ஊர் வந்தால் வரவேற்பு. பயணக்குழு புனே வந்தபோது, புனேயில் மூன்று வருஷம் உத்தியோகம் பார்த்த ஒருவர் ஊர் மக்கள் சார்பில் வரவேற்று நாற்பது பேருக்கும் பொன்னாடை போர்த்தினார். கோலாப்பூருக்குச் செருப்பு வாங்க ஒருமுறை போய்வந்த மாமி கோலாப்பூர் மக்கள் சார்பில் போர்த்தினார். ஹூப்ளிக்கு ஆளே கிடைக்கவில்லை. அங்கே ரயில் மாறியிருக்கிறேன் என்று ஒருவர் தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினார். அவர் போர்த்திய பொன்னாடைதான் முப்பத்தோராம் வண்டியின் செயினில் சிக்கிக்கொண்டது. பயணத்தின் ஒரே விபத்து அது. பூலோகம் ஓடிப்போய் சரிகையைச் செயினிலிருந்து பிய்த்தெடுத்துக்கொண்டிருந்தபோது பின்னால் ஒருவர் படிவத்தில், விபத்து நடந்த இடம் என்ற கட்டத்தில் 'ஹூப்ளிக்குத் தெற்கே, நெடுஞ்சாலை' என்று எழுதிக்கொண்டிருந்தார்.

பெங்களூரில் சாப்பாட்டுக்கு நிறுத்தினார்கள். ஊருக்கு ஏற்றபடி பிஸிபேளாபாத். பூலோகம் தட்டோடு நின்றுகொண்டே தலைவரை நெருங்கினார்.

"சார், எல்லாம் முடிஞ்ச பொறவு இந்த சைக்கிளெல்லாம்?"

"மையங்களுக்குப் போய்டும்."

"லாரி எப்ப சார் வருது? நானே ஏத்தி விட்டுருதேன்."

"லாரி எதுக்கு? சாயங்காலம் அஞ்சு மணிக்குப் போய்ச் சேர்ந்துடறதே! ஒவ்வொரு வண்டிக்கும் வருகைச் சான்றிதழ் குடுத்துடுவோம். குழந்தைகளுக்குன்னு வந்த நன்கொடையில வாங்கின வண்டி இல்லையா? அதனால மையத்தோட சொத்துப் பட்டியல்ல 'சைக்கிள் ஒன்று, சபை வழங்கியது'ன்னு ஏறிடும். எல்லாம் முறைப்படி."

"அப்பம் இங்ஙன நிக்க வண்டி?"

"இது இங்கேயேதான் இருக்கும். அடுத்த வருஷமும் போகணுமே" என்றார் ஜகந்நாதன், அப்பளத்தை நொறுக்கியபடி.

பூலோகம் பாதி சாப்பிட்ட தட்டைக் கீழே வைத்துவிட்டு வெளி வராந்தாவுக்கு வந்தார். கோபம் தலைக்கேறியது. இந்த ஹாலையே நாலு உருளையில் ஏற்றி முடுக்கிவிட வேண்டும் போலிருந்தது. மாலதிக்குப் போன் போட்டார்.

"ஏட்டி, ஆய்வாளர் வந்தா என்னத்தை வச்சுப் பாப்பான்?"

"லிஸ்ட வச்சுத்தாண்ணே. லிஸ்ட்ல இருக்கது அங்க இருக்கணும், இல்லாதது இருக்கப்பிடாது. அவ்ளதான்."

"லிஸ்ட்ல கலர் போட்டிருக்குமா? புதுசு, பழசுன்னு?"

"ஒண்ணும் இருக்காது. 'பாய் நாலு, அண்டா ஒண்ணு'ன்னுதான் இருக்கும். என்னண்ணே கேக்க?"

"சும்மாதாம். கால் எப்பிடி இருக்கு?"

"கால் கெடக்கு. பேச்சியம்மா மவனயும் நேத்து சூளைக்குக் கூட்டிட்டுப் போயிட்டா. பதிமூணுதாண்ணே இப்பம்."

பூலோகம் போனைச் சட்டைப்பைக்குள் வைத்தார். கோபம் போய் வேறொன்று வந்திருந்தது. ஆட்டுக் கொட்டகையில் கிடக்கும் வண்டிக்கு வேண்டியது ஒரு காகிதம். அந்தக் காகிதம் இன்று சாயங்காலம் இந்த ஹாலில் பிறக்கப்போகிறது. பதினேழாம் வண்டி போய்ச் சேர்ந்தால் போதும்.

உள்ளே வந்தார். பதினேழாம் வண்டியில் ஆள் இல்லை.

அதை ஓட்டிக்கொண்டிருந்தவன் கண்ணா என்ற இளைஞன். அவன் போட்டிருந்த உடுப்பின் விலைக்கு ஆலடிவிளை மையத்தையே வெள்ளையடித்துவிடலாம். பதினோரு கிலோமீட்டர் மிதித்து, பதினோரு படம் பிடித்துக்கொண்டு, செம்பூரில் ஒரு பிறந்தநாள் விருந்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான்.

"அங்கிள், நீங்க மெக்கானிக்தானே? மீட்டரைக் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிடுங்க, ப்ளீஸ்" என்று பூலோகத்தின் தோளைத் தட்டிவிட்டு, ஹெல்மெட்டை ஹேண்டிலில் மாட்டிவிட்டுப் போய்விட்டான்.

அட்ஜஸ்ட் பண்ண முடியாது. ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு பார்வையாளர் உண்டு. பதினேழுக்குச் சுப்புலக்ஷ்மி. டெலிபோன் இலாகாவில் சூப்பர்வைசராக இருந்தவர். நாற்காலியை மீட்டருக்கு நேராகப் போட்டு, நோட்டில் கோடு கிழித்து, கால் கிலோமீட்டருக்கு ஒருமுறை குறித்துக்கொண்டிருந்தார். "பதினொண்ணு புள்ளி பூஜ்யம். ஓட்டுநர் இறங்கிட்டார்" என்று மேடைக்குத் தகவல் கொடுத்தார்.

மேடையில் குழப்பம். ஒரு வண்டி வழியில் நின்றால் என்ன செய்வது என்று விதிகளில் இருந்தது. வண்டி போய்ச் சேராத மையத்துக்கு உதவி மட்டும் எப்படிப் போய்ச் சேரும்? அந்த மையத்தைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட வேண்டும்.

"தர்ட்டி நைன்கூட நல்ல நம்பர்தான், சார். டோட்டல் தூரத்தை ஒரு ரெசல்யூஷன்ல அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்" என்றாள் ஸ்மிதா. ஜகந்நாதன் பேனாவைத் திறந்தார்.

பூலோகம் மேடைக்கு ஓடினார். படியில் முட்டிக்கொண்டது காலில் உறைக்கவில்லை. "சார், நான் மிதிக்கேன்."

மேடை முழுவதும் அவரைப் பார்த்தது. சைக்கிள் ரிப்பேர்காரன் சைக்கிள் ஓட்டுவதற்கு விதியில் இடம் உண்டா என்று பத்து நிமிஷம் ஆராய்ந்தார்கள். படிவம் ஒன்று நீட்டப்பட்டது. சைக்கிள் அனுபவம் என்ற இடத்தில் முப்பது வருஷம் என்றார். ரிப்பேர் அனுபவமா ஓட்டிய அனுபவமா என்று ஸ்மிதா கேட்டாள். ரிப்பேர் பார்த்துவிட்டு ஓட்டித்தான் பார்ப்போம் என்றார். நன்கொடை என்ற இடத்தில் அவருடைய மூன்று நாள் கூலியை எழுதி, சபை நன்றியுடன் ஏற்றுக்கொண்டது. ரத்த அழுத்தம் பார்த்தார்கள். அது அப்போது அதிகமாகத்தான் இருந்தது. மைக்கையும் சேர்த்துக் கவனித்துக்கொண்டிருந்த சபை டாக்டர், அதைச் சரிசெய்ய யாரோ கூப்பிட்டதால், கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்துவிட்டார். கண்ணாவின் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பூலோகம் பதினேழாம் வண்டியில் ஏறியபோது மணி மூன்று பத்து. ஐந்து மணிக்கு நிறைவு விழா. அது முடிந்து மணி அடித்தால் பயணம் முடிந்தது.

முதல் மிதியிலேயே வண்டி பாறாங்கல்லாகக் கனத்தது. எந்தப் பாவி உருளையை இப்படி முடுக்கினான் என்று பூலோகம் மனசுக்குள் திட்டினார். அப்புறம் பாவி யாரென்று ஞாபகம் வந்தது. ஸ்பேனர் இடுப்பில்தான் இருந்தது. கை அங்கே போனதும் சுப்புலக்ஷ்மி மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். கை திரும்பி வந்துவிட்டது.

"பதிமூணு புள்ளி அஞ்சு" என்றார் சுப்புலக்ஷ்மி.

ஹவாய் செருப்பு வழுக்கியது. உதறிவிட்டு வெறுங்காலால் மிதித்தார். சேலம் வந்தது, யாரோ பொன்னாடை போர்த்தினார்கள். மதுரை வந்தது, இன்னொன்று. வேர்வையில் அவை முதுகோடு ஒட்டிக்கொண்டன. ஐம்பத்து மூன்று வயதில் தொடை நரம்பு இரண்டும் கயிறாக முறுக்கியது. ஆறு போக, ஆறு வர, பன்னிரண்டு. இருபத்தொன்பது கிலோமீட்டர் என்றால் மாலதிக்கு இரண்டரை நாள் நடை, அதுவும் அந்தக் காலை வைத்துக்கொண்டு. நாம் ஊரைவிட்டு வந்து சைக்கிளோடு குடித்தனம் பண்ணுகிறோம், அவள் அங்கே நடந்தே தேய்கிறாள் என்று நினைத்தபோது அவருக்கு அழுகை முட்டியது. வேர்வையோடு அதுவும் போயிற்று. யாருக்கும் தெரியவில்லை.

"இருபத்தாறே கால். நிறுத்தாதேள். மோர் குடிச்சுண்டே மிதியுங்கோ" என்று டம்ளரை வாய்க்கருகே நீட்டினார் சுப்புலக்ஷ்மி. "யாருக்காக இத்தனை அவதி?"

"தங்கச்சிக்கும்மா. பதினேழாம் மையம்."

அதற்கப்புறம் சுப்புலக்ஷ்மி கால் கிலோமீட்டருக்குப் பதிலாக நூறு மீட்டருக்கு ஒருமுறை சொல்லத் தொடங்கினார். ஒரு மீட்டர் கூட்டிச் சொல்லவில்லை. குரல் மட்டும் கொஞ்சம் உயர்ந்தது.

ஐந்து மணிக்கு மற்ற முப்பத்தொன்பது வண்டிகளும் போய்ச் சேர்ந்திருந்தன. சிலவற்றைக் கார் டிரைவர்களும், ஒன்றைச் சமையல்காரரும் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தார்கள். பூலோகத்தின் மீட்டர் முப்பத்து மூன்றில் நின்றது. ஜகந்நாதன் நிறைவுரைக்கு எழுந்தார். பேச்சு முடிந்ததும் மணி.

அவர் பேச்சு நீளமாக இருக்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் ஒரு மனிதன் உள்ளம் உருகி வேண்டிக்கொண்டான்.

"முப்பத்தோரு வருஷமா இந்தச் சபை குழந்தைகளுக்காகப் பாடுபடறது" என்று தொடங்கினார் ஜகந்நாதன். "இத்தனை வருஷத்துல நான் ஒரு மையத்துக்கும் போனதில்லை. ஒரு குழந்தையைக்கூட நேர்ல பார்த்ததில்லை. ஏன்? பார்த்தா பாசம் வந்துடும். பாசம் வந்தா பாரபட்சம் வந்துடும். சேவைக்கு அது ஆகாது. தூரத்துலேர்ந்து செய்யறதுதான் சுத்தமான சேவை."

"முப்பத்தஞ்சு" என்றார் சுப்புலக்ஷ்மி.

"இறுதியாக" என்றார் ஜகந்நாதன். பூலோகம் சீட்டிலிருந்து எழுந்து நின்று மிதித்தார். நல்லவேளையாக அது முதல் 'இறுதியாக'. அதில் செயற்குழுவின் வரலாறு வந்தது. "சிலபேர் கேக்கறா, இத்தனை செலவுல நேரே குழந்தைகளுக்குக் குடுத்திருக்கலாமேன்னு. குடுத்திருக்கலாம். ஆனா குடுத்துட்டா அப்பறம் சபை எதுக்கு?" பலத்த கைதட்டல். "முப்பத்தேழு புள்ளி ரெண்டு." இரண்டாவது 'இறுதியாக' வந்தது. அதில் அவருடைய வங்கி அனுபவங்கள் இடம்பெற்றன. மூன்றாவது 'இறுதியாக'வில் நன்றி சொல்லி முடித்து, மணியை நோக்கிக் கையைத் தூக்கினார்.

"முப்பத்தொம்போது புள்ளி நாலு!" சுப்புலக்ஷ்மி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். எழுந்தவர் கணீரென்று கேட்டார்: "தலைவர் சார், நாற்காலி காண்டிராக்டருக்கு நன்றி சொல்லலையே?"

ஜகந்நாதன் தூக்கிய கையை இறக்கினார். நன்றியில் யாரையும் விட்டுவிடுவது அவருக்கு ஆகாது. நாற்காலி காண்டிராக்டர், பந்தல், ஒலிபெருக்கி, பூக்காரி, ஆம்புலன்ஸ், விளக்குக்கு எண்ணெய் தந்த கடை. பேரை மறந்து, ஞாபகப்படுத்திக்கொண்டு, சொன்னார். பூலோகம் கண்ணை மூடிக்கொண்டு மிதித்தார்.

"நாப்பது" என்று நோட்டை மூடினார் சுப்புலக்ஷ்மி. "போய்ச் சேர்ந்துட்டேள்."

இறங்கியபோது கால் தரையில் நிற்கவில்லை. ஒரே இடத்தில் உட்கார்ந்து இவ்வளவு தூரம் அவர் போனதில்லை. தங்க நிறத்தில் ஓரம் போட்ட சான்றிதழ் கைக்கு வந்தது. 'வண்டி எண் 17, ஆயிரத்து அறுநூறு கிலோமீட்டர் பயணம் செய்து, ஆலடிவிளை பாலர் மையத்தை நல்ல நிலையில் வந்தடைந்தது. இன்று முதல் மேற்படி மையத்தின் சொத்து.' கீழே தலைவரின் கையெழுத்து, வட்ட முத்திரை. மறுநாள் காலையில் கடையைத் திறப்பதற்கு முன் கூரியரில் போட்டார்.

புதன்கிழமை, ஆட்டுக் கொட்டகையிலிருந்து சைக்கிள் வெளியே வந்தது. மாலதி அதன் மட்கார்டில் வெள்ளைப் பெயிண்டால் 17 என்று எழுதி, பக்கத்தில் சபையின் சின்னத்தையும் வரைந்தாள். வியாழக்கிழமை ஏழு பத்துக்கு மையத்தைத் திறந்தாள். வேன் வந்தபோது வாசலில் நின்று பிள்ளைகளைக் கைநீட்டி வாங்கிக்கொண்டாள். அந்த மாதக் கடைசியில் பத்தொன்பது பிள்ளைகள்.

மூன்று மாதம் கழித்து ஜகந்நாதன் ஆள் அனுப்பினார். பூலோகம் போனபோது ஹாலுக்குப் பின்னாலிருந்த அறையில் நாற்பது சைக்கிள்களும் பிளாஸ்டிக் உறைக்குள் வரிசையாக நின்றன. மேஜைமேல் கள ஆய்வாளரின் அறிக்கையும் ஒரு போட்டோவும் இருந்தன. போட்டோவில் துருப்பிடித்த ஒரு கறுப்பு வண்டி, தேய்ந்த பெடல், ஹேண்டிலில் கட்டுக்கம்பி. ஸ்போக்கில் ஒரு தழை.

"இது பதினேழாம் நம்பர் வண்டி" என்றார் ஜகந்நாதன்.

மூன்றடி தூரத்தில், உறைக்குள், நீல நிறத்தில் பளபளவென்று இன்னொரு பதினேழாம் நம்பர் வண்டி நின்றுகொண்டிருந்தது.

ஜகந்நாதன் போட்டோவையே வெகுநேரம் பார்த்தார். "பாவம்" என்றார் கடைசியில். "ஆயிரத்து அறுநூறு கிலோமீட்டர் ஓடின வண்டி. இப்படித்தான் ஆகும். அடுத்த வருஷம் தூரத்தைக் குறைக்கணும், பூலோகம். வண்டிகள் ரொம்ப அடிபடறது."

"சரி சார்" என்றார் பூலோகம். போன உயிர் மெதுவாகத் திரும்பி வந்தது.

"இதாவது இருக்கு. மத்த முப்பத்தொம்போது மையத்துலயும் சைக்கிளே இல்லைன்னு எழுதியிருக்கார். தொலைச்சுட்டா! பட்டியல்ல இருக்கு, மையத்துல இல்லை. ரெண்டு மாசத்துக்குள்ள கண்டுபிடிச்சு வைக்கலைன்னா உதவி நிறுத்தம்னு எல்லா டீச்சருக்கும் நோட்டீஸ் எழுதியாச்சு."

"சார், அந்த வண்டியெல்லாம்தான் இங்ஙன நிக்கே" என்றார் பூலோகம், உறைகளைக் காட்டி.

ஜகந்நாதன் அவரை இரக்கத்தோடு பார்த்தார். "இது போகப்போற வண்டி. அது போய்ச் சேர்ந்த வண்டி. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கப்படாது." முப்பத்தொன்பது கவர்களை ரப்பர் பேண்டு போட்டு நீட்டினார். "போற வழியில கிங்ஸ் சர்க்கிள் தபால் பெட்டியில போட்டுடுங்கோ."

கிங்ஸ் சர்க்கிளில் தபால் பெட்டி இருந்தது. பூலோகம் அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். முப்பத்தொன்பது டீச்சர்களில் எத்தனை பேருக்கு முழங்கால் வீங்கியிருக்கிறதோ என்று தோன்றியது. கவர்களைக் கைலி மடிப்பில் செருகிக்கொண்டு தாராவிக்கு நடந்தார்.

பக்கத்துக் கடை சிராஜுக்குப் பழைய சாமான் வியாபாரம். அடுக்குமாடிச் சொசைட்டி காம்பவுண்டுகளில் கேட்பாரில்லாமல் கிடக்கிற சைக்கிள்களை இரும்பு விலைக்கு எடுத்து வந்து குவிப்பவர். பூலோகம் அந்தக் குவியலிலிருந்து ஒன்றை உருவி, சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து, கோணலை எடுத்தார். கவர்களில் முதலாவதைப் பிரித்து விலாசத்தைச் சுவரில் ஒட்டினார். பிறகு வெள்ளைப் பெயிண்ட் டப்பாவைத் திறந்து, மட்கார்டில் 1 என்று எழுதினார்.

சிராஜ் டீ டம்ளரோடு வந்து நின்றார். "க்யா பூலோகம் பாய், இது எங்க போவுது?"

"இது எப்பமோ போய்ச் சேந்துட்டு பாய்" என்றார் பூலோகம், பெயிண்டை ஊதிக் காயவைத்தபடி. "இனிமேத்தான் கிளம்பணும்."